வெட்டலாம், சேர்க்கக் கூடாது

1

விழாக் குழுவிலிருந்து அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கேட்டார்கள். கோடை விழாவில் மேடை ஏறிய எல்லோரும் தங்கள் நிகழ்ச்சியைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம், மலரில் போடுவார்களாம். பலூன்காரர் உடனே கொடுத்துவிட்டார். பித்தளை வாத்தியக்காரர்கள் புகைப்படத்தோடு கொடுத்துவிட்டார்கள். கவிதை சொன்ன எங்கள் ஐந்து பேரில் எழுதிப் பிழைப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. உட்கார்ந்தேன். அரைப் பக்கம் முடிந்தும் கை நிற்கவில்லை. நிற்காமல் போனதுதான் இந்தக் கதை. அவர்களுக்கு வேறு ஒன்று எழுதிக் கொடுத்தாயிற்று, அதில் எல்லோரும் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டார்கள்.

எழுதிப் பிழைப்பவள் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரம், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி இவற்றோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, பெட்டியைப் பிரித்த கையோடு எங்கோ போட்டுவிட்டு அப்புறம் தேடுவீர்களே, அதை எழுதுகிறவள். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்பது என்னுடைய வரி. நான் எழுதியதில் அதிகம் அச்சானது அதுதான். ஆகவே இந்தக் கதையில் எங்காவது உங்களை எச்சரித்தால் தொழில் புத்தி என்று விட்டுவிடுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெயில் பூங்காவின் மேல் மஞ்சள் பட்டுத்துணி ஒன்றை விரித்திருந்தது. அதன் ஓரங்களில் மரங்கள்"

(நிறுத்திவிட்டேன். வெயில் எதையும் விரிக்கவில்லை. அடித்தது. எங்களுக்கு மண்டை காய்ந்தது.)

அடுத்து இப்படி:

"ஐந்து பேர். ஐந்து வாழ்க்கை. ஒரே மேடை. அன்று தங்களில் ஒருவருடைய விதி மாறப்போகிறது என்பதை அவர்கள்"

(திரைப்பட விளம்பரம் மாதிரி இருக்கிறது. பின்னணியில் தடதடவென்று முரசு வேறு கேட்கிறது.)

கடைசியில் ஒன்று அகப்பட்டது: "என் அக்காவிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை." இதில் பட்டும் இல்லை, முரசும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றி, "இது தெளிவா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல், ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேர் தலையும் கருப்பாக இருந்த காலம் அது. இப்போது இரண்டு தலைக்கும் ஒரே சாயப் புட்டி. அவள் சமைப்பாள், நான் பாத்திரம் கழுவுவேன். கோபம் வந்தால் அவள் வானொலியைச் சத்தமாக வைப்பாள், நான் குளியலறையில் போய்த் துணி துவைப்பேன். வீடு படு சுத்தமாக இருந்தால் சண்டை நடந்திருக்கிறது என்று விருந்தாளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர் எங்கள் குழுவில் இருக்கும் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். ஒத்திகை முடிந்து எல்லோரும் கீழே வந்தபோது நான் குடையை மறந்துவிட்டேன் என்று மேலே ஓடினேன். அந்த இடைவெளியில் வண்டி நிறுத்துமிடத்தில் கேட்டிருக்கிறார். கதைக்கு இதைவிட நல்ல இடம் தேடிப் பார்த்தேன், மனசு வரவில்லை. அவருடைய கம்பெனி அவரை வேறு ஊருக்கு அனுப்பப் பார்க்கிறதாம். புதிதாகக் கட்டியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி, அதன் லிஃப்டுகள் எல்லாம் இவர் பொறுப்பு, போனால் அங்கேயேதான். விழா முடிந்த திங்கட்கிழமை அவர் முடிவு சொல்லியாக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இழுத்துவிட்டு, பிறகு நேராகவே கேட்டாராம்.

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு எப்படின்னு யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா "பார்க்கலாம்" என்றாளாம். நான் குடையோடு இறங்கி வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வருமா என்று நானும் பார்த்தேன்.

அன்று வீட்டில் அவள் இதைச் சொன்னதும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயமாகவும் இருந்தது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருக்கும். இரண்டையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் யார் கட்சி என்று உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது. நான் அக்கா கட்சி.

[ஓரக்குறிப்பு: அதுவரை அவரை "சார்" என்று கூப்பிட்டு வந்தேன். அக்கா சரி என்றால் "அத்தான்" என்று கூப்பிட வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். குரல் ஏனோ குழந்தைக் குரலாக வந்தது.]

4

இந்த லிஃப்ட்காரரை எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல். நல்ல மனிதர். கதையில் நல்ல மனிதரை வைத்தால் வாசகர்கள் நம்புவதில்லை, எப்போது குட்டு வெளிப்படும் என்று காத்திருப்பார்கள். அதனால் முதல் பிரதியில் அவருக்கு ஒரு குடிப்பழக்கம் கொடுத்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன். பிறகு ஒரு முன்கோபம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் கத்திவிட்டு அவரே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

அவரிடம் உண்மையாகவே இருக்கும் குறை ஒன்றுதான், அது போதும். எங்கே போனாலும் பாதுகாப்பு. ஓட்டலுக்குப் போனால் வெளியேறும் கதவைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நண்பர் மகன் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்களாம், மணமக்களைப் பல்லாண்டு வாழ்க என்று சொல்லிவிட்டு, மண்டபத்தின் பின்வாசலை நாற்காலி போட்டு அடைத்திருப்பது தவறு என்றும் சொல்லிவிட்டு இறங்கினாராம்.

குழுவுக்கு வந்ததும் அப்படித்தான். நூலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி அறையில் நாங்கள் கூடுவோம். லிஃப்டைச் சரிபார்க்க வந்தவர், கைப்பையோடு வாசலில் நின்று முழு ஒத்திகையும் கேட்டார். இது யார் வேண்டுமானாலும் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றோம். அடுத்த வாரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

5

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மருந்துக்கடை நடத்தும் அம்மாள். நாங்கள் அவரை மருந்தம்மா என்போம், அவர் முன்னால் சொல்ல மாட்டோம். கவிதையையும் வேளைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார், கையில் எப்போதும் ஒரு நிறுத்துகடிகாரம். இன்னொருத்தி நகரப் பேருந்து ஓட்டும் இளம்பெண். அக்காவைப் பெரியக்கா என்றும் என்னைச் சின்னக்கா என்றும் கூப்பிடுவாள். அவள் குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பஞ்சு தேவை.

எங்கள் குழுவின் வழக்கத்தை இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். (கையேடு எழுதுகிற கை பரபரக்கிறது. எண் போட்டுப் பட்டியல் ஆக்காமல் இருக்கப் பாடுபடுகிறேன்.) தன் கவிதையைத் தானே மேடையில் சொல்லக் கூடாது. சொந்தக் கவிதையைச் சொல்லும்போது எல்லோரும் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு கண்கலங்குகிறார்கள், கேட்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று மருந்தம்மா கொண்டுவந்த சட்டம் இது. அதனால் எல்லோர் கவிதையும் என்னிடம் வரும். கையெழுத்து தெரியாமல் இருக்க நான் தட்டச்சு செய்து, மடித்து, ஒரு டப்பாவில் போடுவேன். ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். தன்னுடையதே வந்தால் பேசாமல் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். எழுதியது யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவோ கேட்கவோ கூடாது. ஆள் தெரிந்துவிடும் என்பதால் அவரவர் தொழிலைப் பற்றி எழுதுவதும் கிடையாது.

கையில் வந்த கவிதையைச் சொல்கிறவர் தன் மூச்சுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக் கூடாது. வெட்டியதைப் பற்றி எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. ஒருவர் முன்னால் நின்று சொல்லும்போது மற்ற நால்வரும் பின்னால் வரிசையாக நிற்போம். அவர் எந்த வரியில் முடிக்கிறாரோ அந்த வரியை நால்வரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு அதுதான் மிகவும் பிடிக்கும்.

6

அக்கா அந்த முறை இதை எழுதிக் கொடுத்தாள். அவள் அனுமதியோடு போடுகிறேன்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்
நின்றுபோன பெட்டிக்குள் நான்.
எதிர்க் கண்ணாடியில் இன்னொருத்தி,
அவளும் பொத்தானை அழுத்தவில்லை.

கீழே எனக்காக யாரும் காத்திருக்கவில்லை,
மேலேயும் இல்லை.
நிற்பது ஒன்றும் மோசமில்லை என்று
நின்றுகொண்டிருந்தேன்.

இன்று யாரோ வெளியிலிருந்து தட்டுகிறார்கள்.
உள்ளே ஆள் உண்டா?
உண்டு என்று சொல்ல
எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்?

கதவு அரை ஆள் உயரம் திறக்கிறது.
ஒரு கை நீள்கிறது.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஏறிவிட்டேன்.

தட்டச்சு செய்து முடித்ததும் அடுக்களைக்குப் போனேன். இதுதான் பதிலா என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். மேடையில் மருந்தம்மாவோ ஓட்டுநரோ நானோ இதைச் சொல்ல, பின்வரிசையில் தனக்குப் பக்கத்தில் நிற்கும் அவர் கேட்க வேண்டும். கேட்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று அவள் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்றேன். முதல் கல்யாணத்தின்போது சித்தப்பாதான் கூடத்தில் உட்கார்ந்து "பொண்ணுக்குச் சம்மதம்" என்று சொன்னார், அவளை யாரும் கேட்கவில்லை. இப்போது மட்டும் எதற்கு இன்னொருவர் வாய் என்று கேட்டேன்.

"அன்னிக்கு வார்த்தையும் அவரோடது, வாயும் அவரோடது. இப்ப வார்த்தை என்னோடதுடி. வாய் யாரோடதா இருந்தா என்ன?"

மடித்து டப்பாவில் போட்டேன்.

அதை எடுத்தவர் லிஃப்ட்காரர்.

7

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். கதைக்காக நான்தான் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். சத்தியமாக இல்லை. முதல் பிரதியில் நம்பும்படி இருக்கட்டும் என்று அதை ஓட்டுநரிடம் கொடுத்திருந்தேன். பொய் என்பதால் அடுத்த பக்கம் நகரவே இல்லை.

அவர் தாளைப் பிரித்துப் படித்தார். லிஃப்ட் என்றதும் முகம் மலர்ந்தது. யாரோ தன்னைச் சீண்டுவதற்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம், ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கீழே போகப் போகப் புருவம் சுருங்கியது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடைசி நான்கு வரிகளின் மேல் கோடு போட்டார்.

அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடிப்பதை நிறுத்தவில்லை, பாட்டில் காலியான பிறகும்.

ஏன் வெட்டினீர்கள் என்று ஓட்டுநர்தான் கேட்டாள். முடிவே அதுதானே, அது இல்லாவிட்டால் அந்தம்மா உள்ளேயே அல்லவா கிடப்பார் என்றாள்.

"உள்ளதான் இருக்கணும்," என்றார் லிஃப்ட்காரர். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா அரைக்கதவு வழியா ஏறவே கூடாது. ஏறும்போது பெட்டி நகர்ந்தா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன். குழந்தைங்க எல்லாம் வர்ற விழா. இதை என் வாயால எப்படிச் சொல்றது?"

கவிதைதானே சார் என்று அவள் கெஞ்சினாள். கவிதையில் ஏறுகிறவர்கள் நாளைக்கு நிஜத்திலும் ஏறுவார்கள் என்றுவிட்டார். மருந்தம்மா கடிகாரத்தைப் பார்த்து, வெட்டிய பிறகு இதுதான் எல்லாவற்றிலும் சின்னது, அதனால் நிகழ்ச்சியில் கடைசியாக வைப்போம், நேரம் போதவில்லை என்றால் இதை விட்டுவிடலாம் என்று குறித்துக்கொண்டார். அக்காவின் பதில் முதலில் நான்கு வரி இழந்தது, பிறகு இருக்குமா இருக்காதா என்ற இடத்துக்கும் போய்விட்டது. நான் டப்பாவை மூடினேன்.

8

வீட்டில் வானொலி அலறியது. நான் துவைக்க ஒன்றும் இல்லாமல் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு போனேன்.

கொஞ்சம் அடங்கியதும் அவரிடம் நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ஒரு வார்த்தை போதும், அந்த நான்கு வரி யாருடையது என்று. சொன்னால் என்னோடு பேச மாட்டேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் செய்வாள், ஒரு முறை உப்பு விஷயத்தில் பார்த்திருக்கிறேன். வெட்டுவது அவர் உரிமை, குழுவுக்கு வந்தபோது எல்லோரும் ஒப்புக்கொண்டதுதானே, இப்போது எனக்கு மட்டும் தனிச் சட்டமா என்றாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதில் என் அக்காவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, அதனால்தான் இவ்வளவு தொல்லை.

"திங்கட்கிழமை அவர் சரின்னு சொல்லிட்டுப் போயிட்டா?" என்றேன்.

"போகட்டும்," என்றாள். வானொலியை அணைத்துவிட்டு, "போகக் கூடாதுடி," என்றாள்.

(இந்த இடத்தில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. அக்காவின் கண், சன்னல், தெரு விளக்கு எல்லாம் வந்தன. அவள் படித்துவிட்டு, நான் அழவே இல்லை, வெங்காயம்கூட நறுக்கவில்லை என்றாள். வெட்டிவிட்டேன்.)

9

விழாவுக்கு வருவோம்.

பூங்காவின் நடுவில் பலகை மேடை. பிற்பகல் வெயிலில் பலகை செருப்பையும் தாண்டிச் சுட்டது. புல்லில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள், குடையும் தொப்பியும் ஐஸ்கிரீமுமாக. எங்களுக்கு முன்னால் பலூன்காரர். ஒரு குழந்தைக்கு நாய் செய்து கொடுத்தார், உடனே எல்லாக் குழந்தைகளுக்கும் நாய் வேண்டியிருந்தது. எங்கள் நேரத்தில் பாதியை நாய்கள் தின்றுவிட்டன. மேடைக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் அப்போதே ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாக ஏறினோம். ஒலிபெருக்கிக்காரர் வந்து, வாயை ஒலிவாங்கியிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். முதலில் ஓட்டுநர் சொன்னாள். அவள் வாயைத் திறந்ததும் அவர் ஓடிப்போய் எதையோ பாதியாகக் குறைத்தார். புல்லில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் முடித்த வரியை நாங்கள் நால்வரும் திருப்பிச் சொன்னோம், கை தட்டினார்கள். பிறகு நான், பிறகு அக்கா, பிறகு மருந்தம்மா. எனக்கு வந்த கவிதை ஒரு தொலைந்த சாவியைப் பற்றியது. முன்வரிசையில் ஒரு தாத்தா தன் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேடையில் நாங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தொண்டை வறண்டது, ஒரு பலூன் நாய் வெடித்தது. அப்படியும் ஒருவர் எழுதியது இன்னொருவர் வாய் வழியாகப் போய் முன்பின் தெரியாதவர்கள் முகத்தில் விழுவதைப் பின்னால் நின்று பார்ப்பது ஒரு தனி சுகம். அக்காகூட அந்த நேரம் எல்லாவற்றையும் மறந்துதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்தம்மா முடித்ததும் ஓரத்தில் நின்ற விழாக் குழு ஆள் இரண்டு கையையும் குறுக்கே போட்டுக் காட்டினார். நேரம் முடிந்தது, இறங்குங்கள் என்று அர்த்தம். லிஃப்ட்காரர் தாளை மடிக்கத் தொடங்கினார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

மருந்தம்மா வாழ்நாளில் நேரம் தாண்டியவரில்லை. அவர் நிறுத்துகடிகாரத்தைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து அதை உள்ளே போட்டு, பையை மூடினார்.

"நீங்க போங்க சார்," என்றார்.

லிஃப்ட்காரர் முன்னால் போனார். ஒரு சாண் தள்ளி நின்றார். மெதுவாகத்தான் சொன்னார், எந்த நடிப்பும் இல்லாமல், ஒரு கட்டடத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று விளக்குகிற மாதிரி. நின்றுபோன பெட்டி. கண்ணாடியில் இன்னொருத்தி. கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. வாத்தியங்கள்கூட ஒரு கணம் ஓய்ந்தன. உண்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

அதுதான் கடைசி வரி. நாங்கள் திருப்பிச் சொல்ல மூச்சை இழுத்தோம். அவர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பினார். அவர் என்றும் சட்டம் மீறாதவர், ஓட்டலில் வெளிக்கதவைப் பார்த்துவிட்டு உட்காருகிறவர். அவர் கவிதையில் இல்லாததைச் சேர்த்தார்.

"பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

10

இங்கே கதையை நிறுத்தி வைக்கிறேன். எங்கள் நால்வர் வாயும் பாதி திறந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

அது அக்காவின் பதில் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியும் என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் அவர் தாளைப் பிரித்த அன்றே கண்டுபிடித்துவிடுகிறார். அக்கா கண் பரிசோதனை அறைக்குள் நுழையும்போதும் செருப்பைக் கழற்றுகிறவள், அவர் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனபோது பார்த்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் பெண் வேறு யாராக இருக்க முடியும்? தனக்கு வந்த பதிலை ஊர் முன்னால் தன் வாயாலேயே படிக்க அவருக்குக் கூச்சம். அதை வெட்டி மடித்து வைத்துக்கொண்டார். அரைக்கதவில் அவள் தனியாக ஏற வேண்டாம், தானே வந்து சரியாகத் திறப்பதாகச் சொல்கிறார்.

தெரியாது என்றும் ஒரு முடிவு எழுதினேன். அதில் அவர் எங்கேயும் பாதுகாப்பு அறிவிப்பு செய்கிறவர், மேடையிலும் செய்துவிட்டார், அவ்வளவுதான். ஆபத்துப் பொத்தானை அழுத்தியவர்களிடம் அவர் தினமும் சொல்வதே இதுதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியென்றால் ஏன் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, எதற்குத் திரும்பினார் என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் மாட்டியவள் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். சரி, இது கொஞ்சம் நொண்டுகிறது.

மூன்றாவது முடிவில் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து அந்த நான்கு வரியையும் முழங்குகிறாள், கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன். என் அக்கா கடையில் மீதிச் சில்லறை தவறாகக் கொடுத்தாலே கேட்கத் தயங்குகிறவள்.

இவற்றை எல்லாம் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். (எந்த வீட்டில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள் என்று எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.) நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை காட்டினாள்.

"அவருக்குத் தெரியுமா தெரியாதான்னே எழுதிட்டுப் போறியே," என்றாள். "என்னைப் பத்திக் கேக்கவே இல்ல."

சரி, கேட்கிறேன் என்றேன். அன்று நீ அந்த வரியைத் திருப்பிச் சொன்னாயா இல்லையா?

"நீ பக்கத்துலதானே நின்ன?"

எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

"அப்ப அப்படியே எழுது."

11

அப்படியே எழுதுகிறேன்.

ஒருவர் எந்த வரியில் முடிக்கிறாரோ அதை நால்வரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சேர்த்தது தவறுதான், ஆனாலும் அவர் முடித்தது அதில்தான். ஆகவே அந்த வரியைச் சொல்ல வேண்டிய வாய்களில் ஒன்று அக்காவின் வாய்.

சொல்லாமல் இருக்கவும் அவளால் முடியும். கூட்டுக்குரலில் ஒருவர் சும்மா உதடசைத்தால் யாருக்கும் தெரியாது, தொண்டை கட்டிய நாட்களில் எல்லோரும் அதைச் செய்திருக்கிறோம்.

நான் அவளுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நின்றேன். ஓட்டுநரின் குரல் என் ஒரு காதை முழுதாக எடுத்துக்கொண்டது. நானும் சும்மா இருக்கவில்லை. அக்காவுக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று என் வாழ்க்கையில் இல்லாத சத்தத்தில் கத்தினேன், அதனால் மற்றக் காதும் போயிற்று. என் முழங்கையிலிருந்து அவள் கை எடுபட்டது மட்டும் தெரிந்தது. உடனே பித்தளை வாத்தியங்கள் ஆரம்பித்துவிட்டன.

எங்கள் நால்வரையும் பார்த்து நின்றவர் லிஃப்ட்காரர் ஒருவர்தான். எத்தனை குரல் வந்தது என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய் என்ன சொன்னார் என்பது எனக்கும் தெரியும். அதை நான் வெட்டிவிட்டேன். இந்தக் கதை அக்காவுடையது, சொல்லக் கிடைத்தவள் நான், ஆகவே எனக்கு அந்த உரிமை உண்டு.

சேர்க்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்டதை மட்டும் கீழே எழுதுகிறேன், மருந்தம்மாவுடையது அவரே பிறகு சொன்னது. கேட்காத இடத்தில் நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம், இப்போது வாத்தியம் இல்லை.

மருந்தம்மா: நான் வந்துட்டே இருக்கேன்.

ஓட்டுநர்: நான் வந்துட்டே இருக்கேன்.

நான்: நான் வந்துட்டே இருக்கேன்.

அக்கா: